நானூறு மீட்டர்

பாத்திமாவுக்கு இன்னும் மூன்று நாள் நடை.
இந்த நேர்ச்சை என்னுடையதல்ல.
லக்சம்பர்க்கில் கட்டடங்களுக்குச் சாயம் பூசும்
எவரிஸ்து என்பவருடையது.
பாதிப் பணம் வந்துவிட்டது.
மீதி, பேராலய முற்றத்தில்
நான் முழந்தாளிட்ட படம் போய்ச் சேர்ந்த பிறகு.

விடியற்காலை ஐந்து. கொண்டெய்ஷாவில்
தீயணைப்பு நிலையத்தின் சிமெண்டுத் தரையில்
படுத்திருந்தவர்கள் எழுந்து
ஒருவருக்கொருவர் உள்ளங்காலைக் காட்டிக்கொள்கிறார்கள்,
பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் காட்டுவதுபோல.
மஞ்சள் ஒளிர்சட்டையை மாட்டுகிறேன்.
இடப்பையில் ஜெபமாலை. வலப்பையில் வாஸலின்.

ஒப்பந்தம் எளியது.
வண்டி ஏறக் கூடாது. குறுக்குவழி கூடாது.
நாளுக்கு மூன்று ஜெபமாலை, அவர் பெயரால்.
நண்பகல் வரை வாய் திறக்கக் கூடாது.
வேண்டுதல் என்னவென்று சொல்லவில்லை;
ஒட்டிய உறை ஒன்று அனுப்பியிருக்கிறார்.
கல்லீரலோ, கடனோ, மகளோ,
நான் கேட்பதில்லை.
மத்தி மீன் ஆலையில் இருபது வருடம்
டப்பாவுக்கு மூடி போட்டவள்.
மூடியதைத் திறக்கும் பழக்கம் இல்லை.

நெடுஞ்சாலை ஓரமாய் ஒற்றை வரிசை.
லாரி கடக்கும்போதெல்லாம்
காற்று கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போகிறது.
அருள் நிறைந்த மரியே. ஓர் அறை.
அருள் நிறைந்த மரியே. இன்னொன்று.
பிறகு யூகலிப்டஸ் தோப்பு,
இருமல் மிட்டாய் வாசனையில்
கொஞ்ச தூரம் தேவன் இருப்பதுபோல் இருந்தது.

பதினேழாம் முறை இது.
குதிகால் தோல் குளம்பாகிவிட்டது.
வலிப்பதில்லை.
பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை:
நான் விற்பது வலி,
கையிருப்பில் அது இல்லை.

பதினோரு மணிக்கு அவரே அழைத்தார்,
விதித்தவரே விதியை மறந்து.
"வலிக்கிறதா?"
"ரொம்ப" என்றேன்.
மறுமுனையில் ஒரு மூச்சு இறங்கியது,
ஏணியிலிருந்து இறங்கி
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தவனின் மூச்சு.
"நன்றி, டியோலிந்தா."

ரெதின்யாவின் கல்பாலத்தில்
கிராசியெட் என்றொரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.
முதல் தடவை. புதுச் செருப்பு.
ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தினூடே இழுத்தேன்,
நீர் வடிய நூலை உள்ளேயே விட்டேன்.
"உங்கள் நேர்ச்சை யாருக்காக?" என்றாள்.
சொன்னேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"கிலோமீட்டருக்கு எவ்வளவு?"
சிரித்துவிட்டோம்.
அந்தக் கொப்புளத்தை அவளிடமே விலைக்கு வாங்கி
லக்சம்பர்க்குக்கு அனுப்பலாமா
என்றும் ஒரு கணம் தோன்றியது.

பொம்பாலுக்கு முன்பு, பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
திராட்சைத் தோட்டத்தினூடே ஒரு தடம்.
எல்லோரும் அதில் இறங்கினார்கள்.
நானும் இறங்கினேன்.
நானூறு மீட்டர் மிச்சம்.

பங்குக் கூடத்தில் சுல்மிரா என்ற தாதி
வெந்நீரும் உப்பும் விட்டுக் கால் கழுவினாள்.
"கீறல்கூட இல்லை" என்று
பக்கத்துப் பெஞ்சிலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
இழுத்துக்கொள்ள முடியவில்லை,
கணுக்கால் அவள் கையில் இருந்தது.

கீரை சூப். ரொட்டி. படுக்கை.
தூக்கம் மட்டும் வரவில்லை.
பத்து மணிக்கு, கைக்குக் கிடைத்த ரப்பர் செருப்பில்
பெட்ரோல் பங்குக்குத் திரும்பி நடந்தேன்.
விளக்கணைத்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்:
"எதையாவது விட்டுவிட்டுப் போனீர்களா, அம்மா?"
"நானூறு மீட்டர்" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
எனக்கும்தான்.

சாலை வழியாகவே வந்தேன்.
ஜெபமாலையை எடுத்து வரவில்லை.
யார் பெயரையும் சொல்லவில்லை.
கோட்டை விளக்கு தெரிந்த இடத்தில்
செருப்பின் வார் பெருவிரலை அறுத்தது.
குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

நாளை மீண்டும் கேட்பார்.
இதைச் சொல்ல மாட்டேன்.