தொண்ணூறு எம்பி

ஆட்டோ ஓட்டும் விளையாட்டு.
சத்தம் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு எம்பி.
தொண்ணூறுக்குள் வேணும், தரம் குறையக் கூடாது
என்று போனில் சொன்ன முபீன்
துரைப்பாக்கம் மெட்ரோ பள்ளத்தருகே
நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

முதலில் மௌனத்தைத் தேடினேன்.
ஒன்றுமே கேட்காத நொடிக்கும்
தண்ணீர் லாரி அலறும் நொடிக்கும்
வேவ் கோப்பில் ஒரே எடை.
முன்னும் பின்னும் ஒட்டிக்கிடந்த
ஒன்றுமில்லாததை நறுக்கியதிலேயே
முப்பது எம்பி போயிற்று.

செருப்புச் சத்தத்துக்கு எதற்கு இரண்டு காது?
மோனோ.

வேளச்சேரி மழை மூன்று நிமிடம்.
பதினோரு நொடி போதும்.
தலையும் வாலும் தையல் தெரியாமல் சேர்ந்துவிட்டால்
எந்த மழையும் விடாது பெய்யும்.

பதினாறு ஹாரனில் ஒன்றை வைத்துக்கொண்டேன்.
கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் இறக்கு,
ஓடும்போதே மாற்றிக்கொள் என்று எழுதிக்கொடுத்தேன்.
இப்போது கிண்டி சிக்னல் முழுக்க
ஒரே தொண்டையில் திட்டிக்கொள்கிறது.

மிச்சத்தைச் சுருக்கியிடம் விட்டேன்.
அதன் நியாயம் எங்கள் பிளாட்டில் பழகியதுதான்:
மாடியில் மிக்சி ஓடும்போது
கீழே குக்கர் முனகுவது கேட்காது.
கேட்காததை ஏன் சுமக்க வேண்டும்?

சைக்கிள் மணியில் மட்டும் அது தோற்றது.
நுனி மழுங்கி, வாளித் தண்ணீருக்குள் அடித்த மாதிரி.
அறுபத்துநாலு, தொண்ணூற்றாறு, நூற்றிருபத்தெட்டு
என்று பிட்ரேட்டை ஏற்றிக்கொண்டே போனேன்
பித்தளை திரும்பி வரும்வரை.
ஒரு மணிக்கு இவ்வளவு தாராளமா என்றால், ஆமாம்.

தில்ஷாத் ஒரு பக்கம் செத்த இயர்போனில் கேட்டாள்.
கண்ணை மூடி, சின்னதைக் காட்டி,
"இதுதான் ஒரிஜினல், மத்தது இரையுது" என்றாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

எண்பத்தொன்பது புள்ளி ஒன்பது. இன்னும் மூச்சுவிட இடமில்லை.
கடைசியாகத் திறந்தேன், சைதாப்பேட்டையில் பிடித்த எஞ்சின்.
அணைந்த பிறகும் நாலு நொடி நீண்டது.
இடப்பக்கம் எபினேசர்:
"போதுமா ஜாஸ்மின்? கை வலிக்குது."
எழுநூற்று அறுபத்தெட்டு கேபி.
இரண்டு தடவை கேட்டேன்.
வெட்டினேன்.

சாயங்காலம் டீக்கடையில் அவனிடமே சொன்னேன்.
"நான் எவ்வளவு இருந்தேன்?"
சொன்னேன்.
"அவ்வளவுதானா" என்று
பஜ்ஜியை எண்ணெய் போக
தாளில் வைத்து அழுத்தினான்.