ஒரு மிடறு

மாளிகாவத்தை, மூன்றாம் மாடி.
காலை முறைக்காரர் எல்லாரையும்
இயந்திரத்தோடு பொருத்தியாயிற்று, ஏழாம் கட்டில் தவிர.
நிறை எழுதினேன். அழுத்தம் எழுதினேன்.
வாய்க்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

முபாறக் நானா
துவாயால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுவார்.
புறக்கோட்டையில் இருபது வருஷம்
கூவிக் கூவிச் சாரம் விற்ற வாய்.
"செம்புக்காசு சப்பின மாதிரி, மிஸ்ஸி.
சோறும் அதே ருசி. தேத்தண்ணியும் அதே ருசி.
பக்கத்தில போனா மகள் ஜன்னலைத் திறக்கிறா."

துவாயை வாங்கி மடித்து வைத்தேன்.
டோர்ச் வெளிச்சத்தில்
வெடித்த உதட்டோரம், வெள்ளை படர்ந்த நாக்கு,
பழுத்து வீங்கிய முரசு.
ஹெப்பரின் ஏறமுன் தொட்டால்தான் உண்டு;
அதற்காகத்தான் அவரைக் கடைசிக்கு விட்டது.
குழந்தைப் பிள்ளையின் பிரஷ்.
பாலாடை வழிப்பதுபோல், அழுத்தாமல்.

பிறகு, கொப்பளிக்க ஒரு மிடறு.
விழுங்கக்கூடாது.
ஒரு நாளுக்கு எழுநூறு மில்லி அவர் பங்கு;
வெளியே மருதானைத் தண்டவாளமெல்லாம்
கணக்கில்லாமல் மழை.

கன்னம் உப்ப, கண் மூடி
வைத்திருந்தார், வைத்திருந்தார்.
நான் அவசரப்படுத்தவில்லை.
கிண்ணத்தில் துப்பினார்,
கைமாற்றை
சதம் குறையாமல் திருப்புகிறவர்போல.

படிவத்தின் ஓரத்தில் பேனாவால்
ஒரு கட்டம் கீறிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தால்
எட்டாம் கட்டில் நோனா
பொய்ப்பல்லைக் கழற்றி
உள்ளங்கையில் ஏந்தி
என்னைப் பார்த்தபடி இருக்கிறா.