இரண்டு பதினான்கு

செயின்ட் பால். பிப்ரவரி.
மாநில மருத்துவக் காப்பீட்டுத் தணிக்கைப் பிரிவில்
ஹீட்டர் மட்டும் இருமுகிறது.

சிக்ரிட் டோலெஃப்சன் கோப்பைப் புரட்டுகிறாள்:
நெங் ஷியோங், ஐம்பத்தொன்று,
வான்கோழி ஆலையில் இரவு வேலை,
நுரையீரல் ஸ்கேன்: 'அவசியமில்லை.'
மருத்துவர் கையொப்பமிட்ட நேரம் இரண்டு பதினான்கு.
அடுத்தது யாரோ ஒருத்தியின் இன்சுலின் பம்ப்.
இரண்டு பதினான்கு.
அதற்கடுத்ததும்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து
நெங்கின் தாள்களை மட்டும்
ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள்.
பத்தொன்பது நிமிடம்.
காபி ஆறிப்போனது.

நிறுவனத்துக்கு எழுதுகிறாள்.
அபராதம், சட்டப்பிரிவு எல்லாம் பிறகு.
அந்த ஒரு நிமிடத்தில்
உங்கள் டாக்டர்
எத்தனை பேராக இருந்தார்?

வெளியே உப்பு லாரி போகிறது.
ஷியோங்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள்.
சரியாக வரவில்லை.
இன்னொரு தடவை.