ஆடாத புள்ளி

கடைசி ஏற்றம் முடிந்தது.
விசையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு
மேல் மேடைக்கு வருகிறேன்.
கீழே வால்பரைசோ
குன்று குன்றாக விளக்குப் போடுகிறது.

கிளினிக்கில் கொடுத்த தாளில் நாலே வரி.
மூச்சைக் கவனி.
ஆடாத ஒரு புள்ளியைப் பார்.
மெல்ல நட.
பிறகு ஒன்றும் செய்யாதே.
ரத்த அழுத்தத்துக்காம்.
எழுதியவர் இந்த ஊர்க்காரர் இல்லை போல.
போன மார்ச்சில் ஒரு ராத்திரி
அலமாரிக் கோப்பைகள் தமக்குள் பேசிக்கொண்டதை
அவர் கேட்டிருக்க மாட்டார்.

மூச்சு எனக்குச் சிரமமில்லை.
இருபத்தாறு வருடமாகப் பார்ப்பதுதான்:
ஒரு பெட்டி ஏற, மறுபெட்டி இறங்கும்.
பாதி வழியில் இரண்டும் உரசாமல் கடக்கும்போது
கம்பிவடம் ஒரு கணம்
எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.
அந்தக் கணத்தை
நெஞ்சுக்குள் தேடினேன், இருந்தது.

புள்ளிக்கு
துறைக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலின் மஞ்சள் விளக்கு.
எட்டு நாளாக இடம் கிடைக்காமல் நிற்கிறது, பாவம்.
எட்டு நாளாக என் கண் அதில்தான்.

நடைக்குப் பதினொரு பலகை.
நாலாவது முனகும்.
பின்னாலேயே ஒரு தெருநாய்,
பலகை பலகையாக,
என்னைவிட ஒழுங்காக.
நோல்ஃபா ஜன்னலைத் திறந்து கேட்டாள்:
"எல்சிரா, என்னத்தத் தொலைச்ச?"
"சாவி" என்றேன்.
அதைச் சொல்வதுதான் சுலபம்.

இன்று ஏழாவது பலகையில்
விளக்கு நகர்ந்தது.
நடுக்கம் என்றே நினைத்தேன்.
கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.
கைப்பிடி சும்மாதான் இருந்தது.
பூமியும்.
கப்பல் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது,
யாரையும் எழுப்பிவிடாமல்
கட்டிலைவிட்டு இறங்குகிறவளைப் போல.

புள்ளி கிளம்பிவிட்டால் என்ன செய்வதென்று
தாளில் இல்லை.
கால் நின்றுவிட்டது.
கழுத்து மட்டும் கூடவே திரும்பியது.
மூச்சை எண்ணவில்லை,
அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் மஞ்சள் மறைந்தது.
அது நின்றிருந்த இடத்துக்குக்
கண்ணைக் கொண்டுவந்தேன்.
இருட்டு.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
நாய் என் முழங்காலில் சாய்ந்திருந்தது,
அதன் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நோல்ஃபாவின் ஜன்னல் மூடியிருந்தது.
அடுப்பில் பீன்ஸ் போட்டது
அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.