எர்ணாவூரில் அகச்சிவப்பு

ஜன்னலைச் சாத்தியும்
லேப்டாப்பில் ஒரு படலம்.
வாடைக்காற்று நாளில்
அனல்மின் சாம்பலுக்கு அரை மணி போதும்.
முந்தானையால் துடைத்துவிட்டு
பக்கத்து விண்மீன் மண்டலத்தைத் திறக்கிறேன்.
பக்கம் என்றால்
ஒளி பதினாறு லட்சம் ஆண்டு
நடக்கிற பக்கம்.

தேடுவது கரி விண்மீன்களை.
கடைசிக் காலத்தில்
உள்ளே வெந்த கரியை மேலே இழுத்து
ஐநூறு நாளுக்கொரு தரம் வீங்கி மெலிந்து
ஊதி ஊதித் தள்ளிய புகைக்குள்
தாமே காணாமல் போனவை.
கண்ணுக்கான ஒளியில் எடுத்த படத்தில்
அந்த இடம் வெறும் இருட்டு.
அகச்சிவப்பில் பார்த்தால்
நீறு பூத்த நெருப்பு.
பத்தாம் வகுப்பில் இதை வைத்து
வாக்கியம் அமைத்திருக்கிறேன்,
மாமியார் கோபத்தைப் பற்றி.
இரண்டு மதிப்பெண்.

போன வாரம் மூன்று அகப்பட்டன.
ஒன்று, எங்கோ பின்னால் கிடக்கும்
வேறொரு மண்டலம்.
யூஜின் கண்டுபிடித்து அடித்துவிட்டான்.
இன்னொன்று ஒட்டி நிற்கும் இரண்டு.
மிச்சம் 1147.
அதற்கு நான்கே படம், ஒன்பது வருடத்தில்.
மங்கல், பிரகாசம், மங்கல்,
நான்காவதில்
சட்டத்தின் ஓரம் பாதியை வெட்டிவிட்டது.
நான்கு புள்ளி வழியாக
எந்த அலையையும் வரையலாம்.
வரைந்தும் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அழித்தேன்.

கரண்ட் போனது.
தெருவில் நிலக்கரி லாரி,
அதன் வெளிச்சம் முழுக்கத் துகள்.
கீழ்வீட்டு தெக்லா கத்துகிறாள்:
"மாடியில வெள்ளைச் சட்டை கெடக்குது பாரு!"
காலையில் துவைத்த பள்ளிக்கூடச் சட்டை,
உதறினால் இருமல் வருகிறது.

நாமெல்லாம் விண்மீன் தூசு என்று
மேடையில் யாராவது சொன்னால்
மக்கள் கைதட்டுவார்கள்.
நான் தட்டுவதில்லை.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
தெக்லாவின் எக்ஸ்ரேயை
விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தவள் நான்.
டாக்டர் காட்டிய இடத்தைவிட
காட்டாத இடத்தையே
அதிக நேரம் பார்த்தேன்,
தொழில் பழக்கம்.

கரண்ட் வந்ததும் அட்டவணை.
1147-க்கு நேரே
'உறுதி' என்ற கட்டத்தில்
கேள்விக்குறி.
ஐந்தாவது படத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்,
வரிசையில் எங்களுக்கு முன்னால்
நூறு பேர்.

தரைக்கடியில் தொடங்குகிறது இருமல்.
நோட்டின் ஓரத்தில்
எப்போதும் போலக் குறிக்கிறேன்:
இரவு 2.10. காற்று வடக்கு.