அறுபத்தொரு கிராம்

கடிதத் தராசில் முதலில் இடது காலை வைத்தேன்.
காலை அல்ல, காலுக்குத் தைத்ததை.
அறுபத்தொரு கிராம்.
ஹூசாவிக் தபால் நிலையத்தில் அப்போது யாரும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே திமிங்கிலம் பார்க்கும் படகு
ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.
வலது, அறுபத்து மூன்று.
கத்திரியை எடுத்துக் குதிகால் ஓரத்தில்
நகத்துண்டு அளவு சீவினேன்,
இன்னொரு நகத்துண்டு.
அறுபத்தொன்று.

அடிப்பக்கம் பழைய படுக்கை நுரை.
மேலே, ஏரிப் பூச்சிகளுக்காக வாங்கிக் கிழிந்த
வலைத்தொப்பி.
வார், சைக்கிள் ட்யூப்.
நூல், துறைமுகத்தில் வலை செப்பனிடும் ஓட்டார் தந்தது:
"இதை அறுத்த மீன் இன்னும் பிறக்கவில்லை."
பாத அளவுதான் படுத்தியது.
நீச்சல்குளத் தரையில் என் ஈரச்சுவடு
அட்டையை எடுத்து வருவதற்குள்
விரல்விரலாக உலர்ந்துபோனது.
மூன்றாம் முறை அட்டைமேலேயே ஏறி நின்றேன்.

ஹால்வெய்க் பார்த்துச் சிரித்தாள்.
என் அண்ணி.
அண்ணனைப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது,
எனக்கு இன்னும் அண்ணிதான்,
அதை ரத்து செய்யும் தாள் எந்த நீதிமன்றத்திலும் இல்லை.
அவளுடையது கடைச் செருப்பு,
ஜோடி எழுநூற்றிருபது.
"கல் மாதிரி கனக்கிறது" என்றேன்.
"கல்லின் மேல்தானே நடக்கப் போகிறோம்" என்றாள்.

பனியாற்றை அதிகாலையில் கடக்க வேண்டும்.
வெயில் ஏறினால் மேலே பனிப்பாறை உருகி
முழங்கால் ஆழம் இடுப்பாழம் ஆகும்.
நான்கு மணி, இருட்டாத இரவின் முடிவு.
பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டோம்.
பையின் இடுப்புவாரை அவிழ்த்தோம்:
விழுந்தால் பை போகட்டும்.
தண்ணீர் சிமெண்ட் நிறம், அடி தெரியாது.
உள்ளே கற்கள் உருளும் ஓசை மட்டும்,
மாடிவீட்டில் யாரோ நாற்காலிகளை நகர்த்துவதுபோல்.

முதல் கிளை.
இரண்டாம் கிளை.
நுரை நீர் குடிக்கவில்லை, புகுந்தது வலைவழி வடிந்தது.
பெருமையோடு திரும்பி அவளைப் பார்த்தேன்,
அவ்வளவு போதுமாயிருந்தது,
வலது வார் நழுவிவிட்டது.

மூழ்கவில்லை.
எப்படி மூழ்கும்?
மூழ்காததாகத்தானே பார்த்துப் பார்த்துச் செய்தேன்.
வாத்துக்குஞ்சுபோலத் தலைதூக்கி
சாம்பல் நீரின்மேல் அறுபத்தொரு கிராம்
கடலுக்கு வழி கேட்டுக்கொண்டு போனது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டிருந்தேன்.

வெறுங்காலுக்குக் குளிர் முதலில் வலி,
பிறகு சூடு,
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததுதான் பயம்.
கூழாங்கல் திட்டில் ஏறியதும்
அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை,
தன் வலது செருப்பைக் கழற்றி என் மடியில் போட்டாள்.
மீதி நான்கு கிளைகளை
அவள் ஒரு காலில் இரட்டைக் கம்பளிச் சாக்ஸோடும்
நான் ஒரு பக்கம் முன்னூற்றறுபதும்
மறுபக்கம் அறுபத்தொன்றுமாகவும்
நொண்டி நொண்டிக் கடந்தோம்.

அன்றிரவு கூடாரத்தில்
என் நுரைப்பாயின் கால்மாட்டை அறுத்தோம்.
பேனா இல்லை.
கூடார முளையின் முனையால்
என் பாதத்தைச் சுற்றி அவள்தான் கீறினாள்.
"அசையாதே."
கணுக்காலைப் பிடித்திருந்த கை சூடாக இருந்தது.
இரண்டாம் விரலருகே முளை நின்றது.
"பெருவிரலைவிட நீளம்" என்றாள்.
"அவனுக்கும் இப்படித்தான்."
பிறகு அந்த விரலுக்கு
இடம் விட்டு வளைத்துக் கீறினாள்.
ஐந்து நாளில் அண்ணனைப் பற்றி
எங்களுக்குள் நடந்த பேச்சு அது.

பாய் ஓர் அடி குறைந்துவிட்டது.
மிச்ச இரவுகள் பையின்மேல் காலை வைத்துத் தூங்கினேன்.

திங்கட்கிழமை, தராசு.
இடது, கழுவிக் காயவைத்தது, அறுபத்தொன்று.
வலது எண்பத்தெட்டு:
கோணல் தையல், அவசரமாய் அறுத்த தடித்த ஓரம்,
இடுக்கெல்லாம் காய்ந்த வண்டல்.
கத்திரி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
பார்சலோடு நின்றவர் எட்டிப் பார்த்து
"எந்த ஊருக்கு?" என்றார்.
"எங்கும் போகாது" என்றேன்,
"எடை மட்டும் பார்க்கிறேன்."