மூன்று முட்டை

நாளை மே பதினேழு.
அக்காவின் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில்.
வாசலில் நின்றபடியே
ஒரு ஷூ டப்பாவை நீட்டினாள் குன்வோர்:
"கறுத்துக் கிடக்கு. காலைல எட்டு மணிக்கு வேணும்."
உள்ளே வரவில்லை.
ஆறு வருஷத்தில் என்னிடம் அவள் பேசியதில்
இதுதான் நீளம்.

டப்பாவுக்குள் பழைய செய்தித்தாள்,
அதற்குள் அம்மாவின் மார்ப்பதக்கம்.
சுற்றிலும் தொங்கும் குட்டிக் கிண்ணங்கள்,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு.
பாகப்பிரிவினையில் அவளுக்கு இது வந்தது.
எனக்குப் படகு.
படகு மறு வருஷமே ஏரிக்கடியில் போய்ச் சேர்ந்தது.
அதற்கும் அவள்தான் காரணம் என்று
பஸ் டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

டிப்போவில் ஸ்டைனார் சொன்ன வழி:
கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரி,
உப்பு, சமையல் சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்.
தேய்க்காதே.
தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும்.
இதில் கறுப்பைத் தாள் வாங்கிக்கொள்ளும்,
வெள்ளி வீடு திரும்பும்.

போட்டேன். நுரைத்தது.
கூமுட்டை நாற்றம் குப்பென்று எழுந்து
ஜன்னலைத் திறக்கவைத்தது.
இரண்டு மலைக்கு நடுவே எங்கள் ரியூக்கான்,
மே மாதத்தில் இங்கே இருட்டு
அரைமனசோடுதான் வரும்.
மணி பதினொன்று. எதிர்வீட்டுக்காரன்
கொடிக்கம்பத்துக்கு இன்னும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.

எடுத்துப் பார்த்தேன்.
அப்படி ஒரு வெளுப்பு!
கிண்ணங்கள் ஒன்றையொன்று இடித்துச் சிரித்தன.
எனக்குப் பெருமை பிடிபடவில்லை,
எனக்கே ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

காப்பி பாதியில்தான்
சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தேன்.
அம்மா, அதே பதக்கம்.
கம்பி வளைவுகளுக்கு அடியில்
குழிக்குக் குழி இருட்டு.
அந்த இருட்டால்தான்
பூ, பூவாகத் தெரிந்தது.
அது அழுக்கில்லை. தட்டான்
கண்ணுக்கு எழுதுவதுபோல் எழுதிய மை.
அதையும் சேர்த்துக் கழுவியிருக்கிறேன்.
என் உள்ளங்கையில் கிடந்தது
புருவம் மழித்த முகம்.

மறுபடி ஸ்டைனாருக்குப் போன்.
தூக்கத்தில் திட்டினான், பிறகு கேட்டான்:
"வீட்ல முட்டை இருக்கா?"

இரவு ஒரு மணிக்கு
மூன்று முட்டையைக் கல்லாக வேகவைத்தேன்.
மஞ்சள் கருவை உதிர்த்து, மூடிபோட்ட டப்பாவில்
பதக்கத்துக்குப் பக்கத்தில், படாமல் வைத்தேன்.
எந்த நாற்றத்தை ஜன்னல் வழியே துரத்தினேனோ
அதையே விருந்துக்கு அழைத்துவிட்டு
காவல் இருந்தேன்.

முதலில் வைக்கோல் நிறம்.
அப்புறம் தேன்.
அப்புறம் சட்டென்று மயில்கழுத்து,
நிறுத்திவிடலாமா என்றிருந்தது, அவ்வளவு அழகு.
கறுப்பு கடைசியில்தான் வந்தது,
அழைக்கத் தாமதித்த விருந்தாளி மாதிரி.

மேடுகளை மட்டும் பழைய பனியனால் துடைத்தேன்.
எது கறை, எது மை?
ஒவ்வொரு குழியாகக் கேட்டுக் கேட்டு
விடிந்துவிட்டது.
சில இடத்தில் தப்பாகவும் கேட்டிருப்பேன்.
ஒரு கிண்ணம் கையோடு வந்துவிட்டது.
தூண்டில் நரம்பால் கட்டினேன்.
படகில் மிஞ்சியது அந்த நரம்புதான்.

எட்டு மணி.
கீழே பள்ளிக்கூடத்துப் பேண்டு
சுருதி சேராமல் இருமுகிறது.
கம்பளிப் பாவாடையில் அக்கா, வாசலில்.
ஒற்றைக் கையால் ஊசி குத்த வராது.
நான்தான் குத்தினேன்,
அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது.
குனிந்து பார்த்தாள். நரம்பைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மோந்தாள்.

"முட்டை வாசம் வருதே."
"ஆமாம்."
"சாப்பிட்டியா?"
வெள்ளைக் கரு மூன்றும் அப்படியே இருக்கிறது என்றேன்.

"உப்பு இருக்கா," என்றபடி
கதவு நிலையில் தோளைச் சாய்த்து
இடது கையால்
ஷூவின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினாள்.
அதுவும் கறுத்துத்தான் இருந்தது.